சீட்டுப் பணம் போன வருஷத்து கிறிஸ்மஸ்

போன வருஷம் டிசம்பர் முதல் வாரம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த மளிகைக் கடை ஷட்டர் மூன்று நாளாகத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையோ, ஊருக்குப் போயிருக்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். நாலாம் நாள் பக்கத்து டீக்கடைக்காரர், "சாமானெல்லாம் ராத்திரியே வண்டி வெச்சு ஏத்திட்டாங்கம்மா" என்றார். அந்தக் கடைக்காரம்மாவிடம்தான் நான் மாசம் 500 ரூபாய் வீதம் கிறிஸ்மஸ்–பொங்கல் பலகாரச் சீட்டு போட்டிருந்தேன். நான் மட்டும் போட்டிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என் பேச்சை நம்பி என் கையில் பணம் கொடுத்தவர்கள் இன்னும் ஒன்பது பேர்.

சேலத்தில், அரிசிப்பாளையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் வேலை. வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறையும், ஆர்டர் குறைந்தால் வாரக்கூலி குறையும். அதனால் டிசம்பர் செலவுக்கு ஜனவரியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குவது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். சீட்டு இப்படி: மாசம் 500, பன்னிரண்டு மாசம், ஆக 6,000. டிசம்பர் 15-க்குள் எண்ணெய், மைதா, சர்க்கரை, முந்திரி, நெய், ஒரு எவர்சில்வர் குடம், வெள்ளிக் காசு என்று 8,000 ரூபாய்க்குச் சாமான் தருவார்கள். பத்து கார்டு சேர்த்துவிடுகிறவருக்குப் பதினோராவது கார்டு இலவசம். அந்த இலவசக் கார்டுக்கு ஆசைப்பட்டுத்தான் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழு) ஆறு பேரையும், தெருவில் பொங்கலுக்காகச் சேர்ந்த மூன்று பேரையும் பிடித்தேன். பதினோரு மாசம், பத்து கார்டு, மாசம் 5,000. மொத்தம் 55,000. அதில் என் சொந்தப் பணம் 5,500. மிச்சம் 49,500 அடுத்தவர் வீட்டுப் பணம்.

இந்தக் கணக்கை ஜனவரியிலேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆறாயிரத்துக்கு இரண்டாயிரம் லாபம் என்றால் மூன்றில் ஒரு பங்கு என்றுதான் தோன்றும். ஆனால் ஆறாயிரத்தையும் முதல் நாளே கொடுப்பதில்லையே. முதல் 500 பன்னிரண்டு மாசம் இருக்கிறது, கடைசி 500 ஒரே மாசம்தான். சராசரி பார்த்தால் வருஷம் முழுக்க அவர்கள் கையில் இருப்பது 3,250 ரூபாய். அதற்கு 2,000 ரூபாய் கூடுதல் என்றால் வட்டி நூற்றுக்கு அறுபதைத் தாண்டுகிறது. மொத்த விலைக்கு வாங்கினால் சாமானில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அறுபது பிடிக்க முடியாது. இந்த வருஷம் சேர்கிறவர் பணத்தில் போன வருஷத்துக்காரர்களுக்குக் கொடுப்பது ஒன்றுதான் வழி. என்றைக்குப் புது ஆள் குறைகிறார்களோ அன்றைக்கு ஷட்டர் இறங்கும். மூன்று வருஷம் ஒழுங்காகக் கொடுத்தார்கள் என்பதை நான் நம்பிக்கைக்குக் காரணமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாலாவது வருஷத்துக்கு ஆள் பிடிக்கத்தான் அந்த மூன்று வருஷமும் கொடுத்தார்கள் என்பது ஷட்டரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

முதல் நாள் ராத்திரி நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டதும் பயத்தில், "என் தாலியை அடகு வெச்சாவது தந்துடறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். ஒருவர் வெள்ளைத்தாளை நீட்டினார். நல்ல வேளை, கரண்ட் போய்விட்டது; கையெழுத்து அன்றைக்குப் போடவில்லை. உங்களுக்கு இப்படி ஒன்று நடந்தால் அன்று ராத்திரி எந்தத் தொகையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிராமிசரி நோட்டிலோ வெறும் பத்திரத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால், ஏமாந்தவர்களில் ஒருத்தியாக இருந்த நீங்கள் கடன்காரியாகிவிடுவீர்கள். பணத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் கணக்கிலேயே இருக்க மாட்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிக்கான பங்குக் கோயிலுக்குப் போகவில்லை. போனால் வாசலிலேயே ஆறு பேர் நிற்பார்கள். நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். 1930-இல் உண்டான சேலம் மறைமாவட்டத்துக்கே தாய்க்கோயில் அது. பேரே குழந்தை இயேசு. அந்தப் பேரைத் தாங்கின கோயிலில் நின்றுகொண்டு, இந்த வருஷம் கிறிஸ்மஸே வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் டிசம்பரில் இப்படி நினைக்கிற விசுவாசிகள் நாம் எண்ணுவதைவிட அதிகம் என்று இப்போது தெரிகிறது. யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் தெருவுக்கு, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுகிற கேரல் குழு வந்தது. இரண்டு தெரு தள்ளி வரும்போதே தபேலாச் சத்தம் கேட்டுவிடும். காணிக்கைக் கவரில் வைக்க நூறு ரூபாய்கூட அன்று இல்லை. அதைவிட, பாடுகிறவர்களில் இரண்டு பேர் என்னிடம் சீட்டுப் போட்டவர்கள். வாசல் லைட்டை அணைத்தேன், ஹால் லைட்டையும் அணைத்தேன், பிள்ளைகள் இரண்டு பேரையும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, "மூச்சு விடக் கூடாது" என்றேன். சின்னவன், "கிறிஸ்மஸ் தாத்தா வந்திருக்காரா?" என்று காதோடு கேட்டான். வெளியே யாரோ, "ஆள் இல்ல போல" என்றார்கள். போய்விடுவார்கள் என்று காத்திருந்தேன். போகவில்லை. கதவு சாத்திய இருட்டு வீட்டுக்கு முன்னால் நின்று ஒரு பாட்டை முழுசாக, இரண்டாவது சரணம் வரைக்கும் பாடி, ஜெபம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். பூட்டின வீடாக இருந்தாலும் வாசலில் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது எங்கள் பங்கில் பழைய வழக்கமாம். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது.

அதற்கடுத்து வந்தது, கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. இதை மகிழ்ச்சி ஞாயிறு என்பார்கள். வாரத்துக்கு ஒன்றாகக் கோயிலில் ஏற்றுகிற நாலில் மற்ற மூன்று மெழுகுதிரியும் ஊதா நிறம் என்றால் அன்று ஏற்றுவது ரோஜா நிறம். குருவும் அன்று ரோஜா நிற உடுப்புப் போட்டுக்கொள்ளலாம். பூசை தொடங்கும்போது சொல்கிற அன்றைய வருகைப் பல்லவி பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதியதிலிருந்து வருகிறது: ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள், மீண்டும் கூறுகிறேன், மகிழுங்கள். வருஷா வருஷம் கேட்பதுதான். அவர் அதைச் சிறையில் இருந்தபடி எழுதினார் என்பதும் மறைக்கல்வி வகுப்பில் படித்ததுதான். அன்றைக்கு மட்டும் அது எரிச்சலாக இருந்தது. மகிழ் என்று உத்தரவு போட்டால் மகிழ முடியுமா? பூசை முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர் பெரிதாக உபதேசம் எதுவும் செய்யவில்லை. "ஒன்பது வீட்டுக்கும் அவங்க வர்றதுக்கு முன்னாடி நீயே போம்மா. தலைக்கு எவ்வளவுன்னு எழுதி எடுத்துக்கிட்டுப் போ" என்றார். பிறகு, வின்சென்ட் தே பால் சபைக்காரர்களிடம் பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீராப்பு. உங்கள் பங்கில் அந்தச் சபை இருந்தால், கஷ்டம் வரும்போது தயங்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து பார்த்து, வெளியே தெரியாமல் மளிகையோ ஃபீஸோ கட்டுகிறவர்கள் அவர்கள்.

ஒன்பது வீட்டுக்கும் போனேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. நான்கு பேர் "நீ என்ன பண்ணுவ, நீயும்தான போட்ட" என்றார்கள். மூன்று பேர் அழுதார்கள். இரண்டு பேர் சொன்னதை இங்கே எழுத முடியாது. போகும்போது கையில் ஒரு நோட்டு வைத்திருந்தேன்: பேர், எந்தெந்த மாசம், ரொக்கமா ஜிபேயா, நான் அதைக் கடையில் கட்டிய தேதி. இந்த நோட்டுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. பதினோரு மாசத்தில் ஏழு மாசம் நான் கடைக்கு ஜிபேயில் அனுப்பியிருந்தேன், 35,000-க்கு ஆதாரம் இருந்தது. முதல் நாலு மாசம் ரொக்கம், கார்டில் ஒரு கிறுக்கல் கையெழுத்து மட்டும். அடுத்தவர் பணத்தை வாங்கி இன்னொருவரிடம் கட்டுகிற நிலைமை வந்தால் ஒரு ரூபாயைக்கூட ரொக்கமாகக் கட்டாதீர்கள். வாங்கியதற்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் பணம் உங்களிடமே தங்கிவிட்டதாகத்தான் ஆகும்.

புகார் கொடுப்பதைப் பற்றி. நிறைய பேர் "சீட்டு ரிஜிஸ்டர் பண்ணலையே, போலீஸ் எடுக்காது" என்று பயமுறுத்துவார்கள். நிலைமை அதற்கு நேர்மாறு. ஏலச்சீட்டு என்றால் 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி சீட்டுப் பதிவாளரிடம் பதிந்திருக்க வேண்டும். பலகாரச் சீட்டு அந்த வகையே இல்லை. பின்னால் சாமானோ பணமோ தருகிறேன் என்று பொதுமக்களிடம் பணம் வாங்குவது. இதற்குத் தமிழ்நாட்டில் 1997-இலேயே முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. டான்பிட் என்று பேப்பரில் போடுவார்களே, அதுதான். அதன் கீழ் ஏமாற்றியவரின் சொத்தை அரசு முடக்கி, சிறப்பு நீதிமன்றம் மூலம் விற்றுப் பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். நம் பக்கத்துக்கு அந்த நீதிமன்றம் கோயம்புத்தூரில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வைப்புத் தொகை வாங்குவதையே குற்றமாக்கி 2019-இல் மத்திய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விசாரிக்கிறவர்கள் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸ். ஆக, பதியாத சீட்டு என்பது அதை நடத்தியவர்களுக்குத்தான் பாதகம்.

போகும்போது தனித்தனியாகப் போகாதீர்கள். எத்தனை பேர் ஏமாந்தார்களோ அத்தனை பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். மனுவோடு வைக்க வேண்டியவை: ஆள்வாரியாகத் தொகைப் பட்டியல், கார்டின் இரண்டு பக்க ஜெராக்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அந்தந்த வரியை மார்க்கர் போட்டது, கடைக்காரர் அனுப்பிய வாட்ஸாப் மெசேஜ்களின் பிரின்ட், கடை போர்டு தெரிகிற போட்டோ, தெரிந்தால் அவர் பேரில் உள்ள வீடு, வண்டி விவரம். ஒரிஜினல் கார்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். கேட்டால் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். மனு கொடுத்ததும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸ் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு முதல் தடவை கிடைக்கவில்லை. "பெரியவங்களை வெச்சுப் பேசித் தீத்துக்கங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. மொத்தம் ஏழு நடை, அதில் நாலு நாள் தையல் வேலை போயிற்று.

இன்னொன்று என்னைப் போல நடுவில் நின்று வசூல் செய்தவர்களுக்கு: நீங்கள் முந்திக்கொண்டு புகார்தாரராகப் போகாவிட்டால், மற்றவர்கள் கொடுக்கிற புகாரில் உங்கள் பேர் எதிராளி பட்டியலில் வரும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று உட்காராதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். அங்கே கிடைத்த வக்கீலம்மா சொன்னபடிதான் பிறகு எல்லாம் செய்தேன். ஒன்பதில் மிகவும் கஷ்டப்படுகிற மூன்று வீட்டுக்கு மட்டும் தலைக்கு 5,500 வீதம் 16,500 திருப்பிக் கொடுத்தேன். சட்டப்படி கடன் என்று ஒப்புக்கொள்ளாமல் உதவியாகக் கொடுப்பதாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அதற்கு மோதிரத்தை அடகு வைத்தது பேங்கில். பக்கத்து அடகுக் கடையில் நூற்றுக்கு மாசம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 ஆகிறது; பேங்கில் அதில் பாதிகூட இல்லை. ஒரு நாள் வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பணம் வரவில்லை.

இதற்கு நடுவில் கிறிஸ்மஸ் வந்துகொண்டேயிருந்தது. அதற்கு முந்தின வருஷம் நாங்கள் செலவழித்தது 22,000. துணி 9,000, பலகாரம் 4,500, பிரியாணி 3,200, கேக் 1,800, பட்டாசு 1,500, ஸ்டாரும் சீரியல் லைட்டும் 1,200, போக வர 800. இதை எழுதி வைத்திருந்ததால் சொல்கிறேன், எழுதாதவர்கள் பத்தாயிரம் ஆனது என்பார்கள். போன வருஷம் கையில் மிஞ்சியது ஆயிரத்து ஐந்நூறுக்குள். துணி இல்லை, ஸ்டார் இல்லை. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டுகிற குடிலாவது வைக்கலாம் என்று, அதில் புல்வெளி மாதிரி வைக்க 13-ஆம் தேதியே கேழ்வரகு ஊறப்போட்டிருந்தேன். மகிழ்ச்சியெல்லாம் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் நச்சரித்தார்கள்.

கேழ்வரகுப் பயிர் தெரியாதவர்களுக்கு: கால் கிலோ கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் முடிந்து வையுங்கள். பழைய அலுமினியத் தட்டில் அரை அங்குலம் மண்ணும் மக்கிய சாணமும் கலந்து பரப்பி, அதன் மேல் நெருக்கமாகத் தூவுங்கள். மேலே மண் போட வேண்டாம். இரண்டு நாள் கூடையால் மூடி இருட்டில் வைத்து, பிறகு வெளிச்சத்துக்கு எடுக்க வேண்டும். தண்ணீரை ஊற்றக் கூடாது, கையால் தெளிக்க வேண்டும், ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். சேலத்து வெயிலுக்குப் பத்து நாளில் புல்வெளி மாதிரி நிற்கும். ஏற்காட்டில் குளிருக்கு முளைப்பு மந்தம். நாலு நாள் முன்னதாகவே போட வேண்டும். டிசம்பர் முதல் வாரமே போட்டுவிட்டால் 24-க்கு மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். மலைக்கு, பழுப்புத் தாளைக் கசக்கி, மிச்சமான டீ டிகாக்‌ஷனில் நனைத்து, காயவைத்து, கஞ்சிப் பசை தடவி நிறுத்தினால் போதும். வைக்கோல் ஒரு பிடி. குழந்தை சொரூபத்தை மட்டும் வெளியே எடுக்காமல் பீரோவில் வைத்திருந்து, 24 நள்ளிரவு பூசை முடிந்து வந்துதான் தீவனத் தொட்டியில் வைப்போம். மூவரசர்களைத் தள்ளி ஜன்னல் ஓரம் நிறுத்தி, நாளுக்கு ஒரு சாண் நகர்த்துவது பிள்ளைகள் வேலை. செலவு 90 ரூபாய்.

சொரூபங்களைத் துடைத்து வைக்கும்போதுதான் அந்த மகிழ்ச்சி ஞாயிறிலிருந்து மனசில் உருண்டுகொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஸ்டார் வாங்க முடியவில்லையே என்று பெரியவள் முகம் தூக்கியிருந்தாள். லூக்கா நற்செய்தியை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இடையர்களுக்கு நட்சத்திரமே கிடையாது. நட்சத்திரம் மத்தேயுவில், ஞானிகளுக்கு. இடையர்களுக்கு அடையாளமாகச் சொன்னது, துணிகளில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தியிருக்கிற குழந்தை. அதற்கும் முன்னால் தூதர் சொன்ன முதல் வார்த்தை மகிழுங்கள் இல்லை, அஞ்சாதீர்கள். பெரும் மகிழ்ச்சியூட்டும் நற்செய்தி என்பது அதற்குப் பிறகு வருகிறது. செய்தி! இத்தனை வருஷமாக நான் மகிழ்ச்சியைப் பலகாரம் மாதிரி நினைத்திருக்கிறேன். ஜனவரியிலிருந்து காசு சேர்த்து, டிசம்பரில் மாவு பிசைந்து, வீட்டில் தயார் செய்து, வருகிறவர்களுக்கு எடுத்து வைக்க வேண்டிய ஒன்று. தயார் செய்ய முடியாத வருஷம் அது கிடையாது. செய்தி அப்படி இல்லையே. அது இன்னொருவர் வந்து சொல்வது. கேட்கிறவர் எந்த நிலைமையில் இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது வெளியே இரண்டாவது சரணம் பாடிக்கொண்டிருந்தார்களே, அந்த மாதிரி.

இடையர்கள் அந்த ராத்திரி விழா கொண்டாடவில்லை, கிடைக் காவலில் இருந்தார்கள். இதை ஏற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் அம்மா அங்கே காபித் தோட்டத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பழம் பறித்தவர். அரபிகா காபி பழுப்பது நவம்பரிலிருந்து ஜனவரி வரை, கிறிஸ்மஸ் நடு மத்தியில் வரும். பழுத்த பழம் காத்திருக்காது. விட்டால் கறுத்து உதிரும். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கும் மெஷினில் விட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டையிலேயே புளித்துவிடும். அதனால் 24-ஆம் தேதியும் பறிப்பு உண்டு. சாயங்காலம் எடை போட்டு முடித்து, வெந்நீரில் கை கழுவி, ஸ்வெட்டர் மேல் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நள்ளிரவுப் பூசைக்குப் போவார்கள். பழத்தின் பிசுக்கு எத்தனை சோப்புப் போட்டாலும் நக இடுக்கில் கறுப்பாக நிற்கும். பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க நீட்டுகிற கைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது.

பலகாரம் ஒன்றாவது செய்யலாம் என்று அச்சுமுறுக்கு போட்டேன், ஒரு கிலோ மாவுக்கு. பச்சரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். 300 கிராம் பொடித்த சர்க்கரை, இரண்டு முட்டை, பெரிய தேங்காய் ஒன்றின் கெட்டிப் பால், எள் இரண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகக் கரைத்து அரை மணி ஊறட்டும். சர்க்கரை கூடினால் சீக்கிரம் சிவந்து, ஆறினதும் நமத்துப் போகும். நிறைய பேர் செய்கிற தப்பு இது. அச்சு எண்ணெயிலேயே கிடந்து சூடேற வேண்டும். எடுத்து உதறி, மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் கத்தி வைத்துக் குத்தினாலும் கழலாது. முக்கினதும் சுர்ரென்று ஒட்டினால் சூடு சரி. ஒட்டாமல் வழிந்தால் அச்சு ஆறிவிட்டது, முக்கினவுடனே வெந்து மாவுப் பாத்திரத்திலேயே விழுந்தால் சூடு அதிகம். எண்ணெயில் இறக்கி இலேசாகக் குலுக்கினால் தானே கழன்று மிதக்கும். புது அச்சு என்றால் இரண்டு நாள் அரிசி கழுவின தண்ணீரிலும் ஒரு நாள் எண்ணெயிலும் போட்டுப் பழக்க வேண்டும். நூறுக்குப் பக்கம் வந்தது. 380 ரூபாய்.

தட்டுக்கு எட்டு வீதம் ஒன்பது வீட்டுக்கும் அனுப்பினேன். ஒரு வீட்டில் வாங்கவில்லை. இன்னொரு வீட்டில் வாங்கிக்கொண்டு, "இதுதான் அந்த எட்டாயிரத்துச் சாமானா?" என்று கேட்டார்களாம். பிள்ளை அப்படியே வந்து ஒப்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாசத்தில் முதல் சிரிப்பு. அழுகையும் கூடவே வந்தது என்பதையும் மறைக்கவில்லை. கோழி 400, அரைக்கிலோ கேக் 250, 26-ஆம் தேதி அம்மாவைப் பார்க்க ஏற்காடு போய்வர பஸ்ஸுக்கு 240. எல்லாம் சேர்த்து 1,360 ரூபாய். நள்ளிரவுப் பூசைக்கு எங்கள் பங்குக் கோயிலுக்கே போனோம், பழைய துணியில். மானம் போகும் என்று பயந்தது போல யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் குழந்தை தூங்கி விழாமல் பார்த்துக்கொள்ளவே அவரவருக்கு நேரம் சரியாக இருந்தது. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, ஜனவரியிலும் வாசல் மணி அடித்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம் இருக்கும்போதே மகிழ்ச்சியும் கூடவே இருக்கலாம் என்று மட்டும் தெரிந்தது.

சீட்டுக்குப் பதில் இந்த ஜனவரியில் பேங்கில் ஒரு வருஷத்து ஆர்.டி. (மாசாமாசம் கட்டுகிற தொடர் வைப்பு) போட்டேன், மாசம் 500. ஆறரை சதவீத வட்டி என்றால் முடிவில் 6,200 சொச்சம் வரும். குடமும் வெள்ளிக் காசும் வராது. ஒன்று கவனியுங்கள்: ஜனவரியில் பன்னிரண்டு மாசத்துக்குப் போட்டால் அடுத்த ஜனவரியில்தான் முதிரும், கிறிஸ்மஸுக்கு உதவாது. இதைக் கட்டிய பிறகுதான் கவனித்தேன். நவம்பர் கடைசியில் ஆரம்பியுங்கள், அல்லது உங்கள் பேங்கில் விட்டால் பத்து மாசத்துக்குப் போடுங்கள். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷக் கணக்கு, வருஷாந்திரச் செலவுக்கு அது தோதுப்படாது. யாராவது "நாலு வருஷமா ஒழுங்கா குடுக்கறாங்க" என்று கார்டை நீட்டினால், மேலே போட்ட அறுபது சதவீதக் கணக்கை அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள்.

கேழ்வரகு இந்த வருஷமும் ஊறப்போட்டாயிற்று. கேரல் குழு எங்கள் தெருவுக்கு 18-ஆம் தேதி வருகிறதாம், அன்பியத்தில் சொன்னார்கள். வாசல் லைட் நேற்று ஃப்யூஸ் போய்விட்டது. நாளைக்குக் கடைக்குப் போகும்போது பல்பு ஒன்று வாங்க வேண்டும்.